பழைய கன்வெர்டிபிள்: துணிக்கூரையா, உலோகக்கூரையா?

கூரையை மடித்துத் திறக்கக்கூடிய கார்தான் கன்வெர்டிபிள். பழையதாக ஒன்றை வாங்கப் போகிறீர்களா? துணிக்கூரை என்றால் முதலில் மடிப்பு விழும் இடங்களைப் பாருங்கள். நூல் தெரிந்தால் சீக்கிரமே ஒழுகும். பின்கண்ணாடியின் ஓரத்தை விரலால் அழுத்துங்கள், ஒட்டு பிரிந்திருக்கலாம். முக்கியமானது, கூரையில் விழும் மழைநீரை வெளியேற்றும் வடிகால் துளை. அதில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் குப்பை அடைத்திருக்கிறது, தண்ணீர் தளத்துக்குள் இறங்கியிருக்கும். கால்விரிப்பைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சைப் பிழிந்து பாருங்கள். ஈர வாடையை மறைப்பதுபோல் வாசனைத் திரவியம் தூக்கலாக மணந்தால் கூடுதல் சந்தேகம் நல்லது.

மடங்கும் உலோகக்கூரையில் துணி கிழியும் கவலை இல்லை. ஆனால் கூரையை எண்ணெய் அழுத்தத்தால் நகர்த்தும் ஹைட்ராலிக் குழாய், சென்சார், மோட்டார் என்று கெடுவதற்கு நிறைய உண்டு. இன்ஜினை ஓடவிட்டு மூன்று முறை திறந்து மூடுங்கள். பாதியில் தயங்கினாலோ, டிக்கி ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ விலகிவிடுங்கள். தேய்ந்த துணியை மாற்றச் செலவு முன்பே தெரியும். பாதியில் நின்ற உலோகக்கூரைக்குக் காரணம் தேடவே பணம் கரையும்.