எக்மோர் மியூசியம் வெண்கல கேலரி, கண்டிப்பா போங்க
தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறி சென்ட்ரல்ல மாறுனா அடுத்த ஸ்டேஷனே எக்மோர், ஆனா எங்க ஏரியால பாதி பேரு ஸ்கூல் டூர்ல போனதோட சரி. 1851ல ஆரம்பிச்ச மியூசியம்ங்க. வெண்கல கேலரில திருவெண்காடு அர்த்தநாரி முன்னாடி கொஞ்ச நேரம் நில்லுங்க, வலது பக்கம் சிவனுக்கு ரெண்டு கை, இடது பக்கம் அம்மனுக்கு ஒரே கை, துணி கூட சிவன் பக்கம் தொடையோட நின்னுடும் அம்மன் பக்கம் கணுக்கால் வரைக்கும் இறங்கும், 11ம் நூற்றாண்டு சோழர் வேலை, எங்கம்மா அந்த இடத்த விட்டு நகரவே இல்ல. திருவாலங்காடு நடராஜரும் இங்கதான். ஆந்திரா அமராவதில இருந்து வந்த பழைய பௌத்த சிற்பத்தையும் விட்றாதீங்க. வெள்ளிக்கிழமை லீவு.

ஈசிஆர்ல சோழமண்டலம் ஓவியர் கிராமம், 1966ல ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் ஆரம்பிச்சது, நமக்கு தூரம்தான், இருந்தாலும் ஒரு ஞாயித்துக்கிழமை பசங்கள கூட்டிட்டு போயிட்டு வாங்க.