ஏர் ரைஃபிள் பெல்லட்டுக்கு அச்சும் எண்ணெயும்: ஏழாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஏழு ஆண்டுகளாக என் ஏர் ரைஃபிளுக்கான ஈயப் பெல்லட்டுகளை, அதாவது சிறு குண்டுகளை, நானே அச்சின் துளை வழியே தள்ளி அளவுபடுத்தி, எண்ணெய் பூசிச் சுட்டு வருகிறேன். இத்தனை உழைப்புக்குப் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன். விலை குறைந்த பெல்லட்டுக்குப் பலன் உண்டு. தரமான போட்டிப் பெல்லட்டுக்கு இது வெட்டி வேலை. எண்ணெயைப் பொறுத்தவரை, எதைப் பூசுகிறோம் என்பதைக் காட்டிலும் எவ்வளவு குறைவாகப் பூசுகிறோம் என்பதே முக்கியம் என்பதை மூன்று ஆண்டுகளையும் ஒரு பிஸ்டன் சீலையும் (காற்றை அழுத்தும் பிஸ்டனின் கசிவுத் தடுப்பு) செலவழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

என்னிடம் இருப்பது குழலை மடக்கி ஸ்பிரிங்கை இறுக்கும் வகையைச் சேர்ந்த, 4.5 மி.மீ. விட்டமுள்ள இந்தியத் தயாரிப்பு. அந்த விட்டத்தையும் 20 ஜூல் ஆற்றலையும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. வார நாட்களில் சேலம் அழகாபுரத்து வீட்டு மாடியில் சுவரை ஒட்டி நிறுத்திய இரும்புப் பெட்டியை நோக்கியும், விடுமுறை நாட்களில் ஏற்காட்டில் எங்கள் குடும்பத்தின் சிறு காப்பித் தோட்டத்துக் குடோனிலும் பத்து மீட்டர் தூரத்தில் காகித இலக்கைச் சுடுவதே என் பழக்கம். தோட்டத்தில் குரங்குத் தொல்லை என்று சொல்லித் துப்பாக்கியை இரவல் கேட்டு வருபவர்கள் உண்டு. அவர்களுக்குத் தேநீர் மட்டும் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

பெல்லட்டை அளவுபடுத்தும் எண்ணம் மலைப்பாதையில்தான் பிறந்தது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் காரின் டேஷ்போர்டில் உருண்டுகொண்டே வந்த ஒரு பெல்லட் டப்பாவை மேலே போய்த் திறந்து பார்த்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றின் பின்விளிம்பு நசுங்கியிருந்தது. பெல்லட்டின் தலை கெட்டியானது. நடுவில் இடுப்புபோலக் குறுகி, பின்னால் ஸ்கர்ட் என்று எல்லோரும் அழைக்கும் மெல்லிய விளிம்பாக விரிகிறது. பின்னாலிருந்து வரும் காற்று ஸ்கர்ட்டின் குழிக்குள் புகுந்து அதை விரித்துக் குழலோடு ஒட்டச் செய்வதால்தான் காற்று கசியாமல் பெல்லட் முன்னே பாய்கிறது. ஸ்கர்ட் முட்டை வடிவமாகிவிட்டால் ஒரு பக்கம் காற்று முந்திக்கொண்டு கசியும். பெல்லட் குழலைவிட்டு வெளியேறும் கணத்தில் சற்றே சாய்ந்து போகும்.

அளவுபடுத்தும் அச்சு என்பது உண்மையில் மிக எளிய பொருள்தான்: எஃகுத் துண்டில் சரியான விட்டத்தில் ஒரு துளை, பெல்லட்டை அதன் வழியே தள்ள ஒரு கம்பி. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஆகும் செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு, சூரமங்கலம் பக்கம் எனக்குப் பழக்கமான லேத் பட்டறைக்குப் போனேன். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்ட மேஸ்திரி, "ஓட்டை போட்டு ரீமர் உட்டுத் தர்றேன் சார். கண்ணாடி மாதிரி மெருகு வேணும்னா நீங்களே உக்காந்து தேச்சுக்குங்க, அதுக்கெல்லாம் எனக்கு நேரமில்லீங்க" என்றார். துளையின் உட்சுவரைச் செதுக்கித் துல்லிய அளவுக்குக் கொண்டுவரும் கருவியான ரீமரால், 4.5 மி.மீ. அளவில் துளை சீராக்கப்பட்டது. வால்வ் தேய்க்கும் பேஸ்ட்டை மூங்கில் குச்சியில் தடவி, இரண்டு மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து துளையின் உட்புறத்தையும் அதன் வாய்ப்பகுதிச் சரிவையும் மெருகேற்றினேன்.

அந்த முதல் அச்சு முழுத் தோல்வி. குழலின் விட்டம் 4.5 என்பதால் பெல்லட்டும் 4.5 ஆக இருக்க வேண்டும் என்று நான் போட்ட கணக்கே பிழை. தலை ஏற்கெனவே ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கிறது, ஸ்கர்ட்டோ 4.7 மி.மீட்டருக்கு மேல். அந்த மிகுதிதான் குழலின் வாயில் பெல்லட்டைப் பிடித்து நிறுத்துகிறது. என் அச்சில் புகுந்து வந்த பெல்லட்டு கட்டை விரலின் அழுத்தத்தை எதிர்பார்க்காமலே குழலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சுட்டபோது துப்பாக்கி தோளில் வழக்கத்துக்கு மாறாக முரட்டுத்தனமாக அதிர்ந்தது. பிடிப்பில்லாத பெல்லட்டு அழுத்தம் முழுமையாகச் சேருமுன்பே நகர்ந்துவிடுவதால், பிஸ்டனுக்கு முன்னால் மெத்தையாக இருக்க வேண்டிய காற்று போய்விடுகிறது. பிஸ்டன் சிலிண்டரின் முனையில் போய் மோதுகிறது. இலக்கில் விழுந்த ஐந்து துளைகளையும் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் மூட முடியவில்லை. அச்சில் தள்ளாத, நசுங்காத பெல்லட்டுகள் அதே துப்பாக்கியில் அந்த நாணயத்துக்குள் அடங்கிக்கொண்டிருந்தன.

மறு மாதமே 4.6 மி.மீ. ரீமரால் இரண்டாவது அச்சைச் செய்யச் சொன்னேன். அதில் தலை உரசாமல் நழுவிப் போகிறது. ஸ்கர்ட் மட்டும் சிறிது ஒடுங்கி, நசுங்கல் நீங்கி வட்டமாகிறது. குழல் வாயில் மெல்லிய பிடிப்பும் மிஞ்சுகிறது. இன்றுவரை நான் பயன்படுத்துவது இந்த அச்சைத்தான். தள்ளும் கம்பியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. தட்டையான முனையுள்ள கம்பி ஸ்கர்ட்டின் விளிம்பில் அழுத்தி அதை மேலும் கெடுத்துவிடும். நான் 3 மி.மீ. கம்பியின் முனையை உருட்டித் தேய்த்து, அது ஸ்கர்ட்டின் குழிக்குள் நுழைந்து தலையின் உட்புறத்தைத் தொட்டுத் தள்ளுமாறு வைத்திருக்கிறேன். பெல்லட்டைத் தலை முன்னாக அச்சின் வாயில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினால், முதலில் எதுவும் நடவாததுபோல இருந்து, பிறகு ஸ்கர்ட் வாய்ச்சரிவில் முட்டும்போது ஒரு கணம் கை நிற்கும். அடுத்து வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கி, கீழே வைத்த துணியில் பொத்தென்று விழும். கை அந்த ஒரு கணம் நிற்கவில்லையென்றால் அந்தப் பெல்லட்டு ஏற்கெனவே சிறுத்தது என்று பொருள். அதைத் தனியே ஒதுக்கிவிடுவேன்.

அச்சுக்குள்ளும் எண்ணெய் தேவை என்பதைச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் பள்ளி நண்பர்தான் சொன்னார். பெல்லட்டுகளை எடை போட்டுப் பார்க்க அவருடைய வெள்ளித் தராசைத் தேடிப் போயிருந்தேன். மில்லிகிராம் காட்டும் அந்தத் தராசில், ஒரே டப்பாவில் இருந்த மலிவான பெல்லட்டுகளுக்குள் முப்பது மில்லிகிராம் வரை வேறுபாடு தெரிந்தது. அரை கிராம் எடையுள்ள பொருளில் அது சிறிய வேறுபாடு அல்ல. அவர் தராசைவிட என் சட்டைப்பையில் இருந்த அச்சையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். துளையின் உள்ளே சாம்பல் நிறத்தில் ஈயம் அப்பியிருந்தது. "ஏம்ப்பா, இத வறட்டுக்குன்னு தள்ளிட்டு இருக்கியா? நாங்க கம்பி இழுக்கறப்பவே மெழுகு தடவாம தகட்டுல உட மாட்டோம். அதுக்குன்னு ரொம்பப் பூசுனாலும் இடுக்கி வழுக்கும்" என்றார். உலோகம் உலோகத்தோடு அழுந்தி உரசும்போது மென்மையானது கடினமானதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. இடையில் ஒரு மெல்லிய படலம் இருந்தால் ஒட்டுவதில்லை. பத்துப் பெல்லட்டுக்கு ஒன்றை மட்டும் எண்ணெய் தொட்டுத் தள்ளினாலே துளை சுத்தமாக இருக்கிறது. எல்லாவற்றையும் நனைத்துத் தள்ள வேண்டிய அவசியம் இதுவரை எனக்கு ஏற்படவில்லை.

இனிப் பெல்லட்டின் மேல் பூசும் எண்ணெயைப் பற்றி. நான் வழிதவறித் திரிந்தது இங்கேதான். வீட்டில் இருந்ததாலேயே முதலில் தேங்காய் எண்ணெயைப் பூசினேன். சேலத்தில் ஏப்ரல் மாத மாலையில் சுட்ட முதல் சில குண்டுகள் பட்டாசுபோல வெடித்தன. குழல் முனையில் நீலப் புகை சுருண்டது. அப்பளம் கருகிய வாடை மாடி முழுவதும் பரவியது. ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் காற்றைக் கண நேரத்தில் அழுத்துவதால் அந்தக் காற்று பல நூறு டிகிரி வரை சூடேறுகிறது. அங்கே எரியக்கூடிய எண்ணெய் இருந்தால் டீசல் எஞ்சினில் நடப்பதுபோலவே தானாகத் தீப்பற்றுகிறது. அதனால் வேகம் ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் ஒத்துப்போகாது. சீலும் ஸ்பிரிங்கும் அடிபடும். என் முதல் சீல் அந்த ஆண்டிலேயே போயிற்று. அதைப் பொருத்திய கடைக்காரர் சரக்கே மட்டம் என்றுதான் சொன்னார். நானும் சில மாதங்கள் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

அதே தேங்காய் எண்ணெய் டிசம்பரில் ஏற்காட்டுக் குடோனில் வேறு விதமாகப் படுத்தியது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும் பொருள் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெல்லட்டுகள் வெள்ளைக் கொழுப்பில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாக எழுந்தன. விளக்கெண்ணெய் உறையவில்லை, ஆனால் குளிரில் பாகாகி, இடுப்புப் பகுதியில் திரண்டு நின்றது. தோட்டத்துப் பக்கம் கிடைத்த தேன் மெழுகைச் சிறிது எண்ணெயோடு உருக்கிக் கலந்ததில் சேலத்தில் நல்ல பலன் கிடைத்தது. மலையில் அது குழலின் முதல் பகுதியில் தேங்கி, மூன்றாவது நான்காவது குண்டு வரை இலக்கில் விழும் துளைகளை அலைய வைத்தது.

கடைசியாக வந்து நிலைத்தது சிலிக்கான் எண்ணெய். உறைவதில்லை, எளிதில் தீப்பற்றுவதும் இல்லை, சேலத்து வெயிலுக்கும் ஏற்காட்டுப் பனிக்கும் அதன் கெட்டித்தன்மை பெரிதாக மாறுவதில்லை. இதை ஸ்பிரிங்குக்கோ கீலுக்கோ விடக் கூடாது. எஃகு எஃகோடு உரசும் இடத்தில் சிலிக்கான் எண்ணெய் நின்று காப்பதில்லை. ஆனால் இந்த நல்ல எண்ணெயிலும் முதல் ஆண்டு வெடிச்சத்தம் முழுவதுமாக நிற்கவில்லை. காரணத்தை ஒரு நாள் பூதக்கண்ணாடியில் பார்த்த பிறகே புரிந்துகொண்டேன். டப்பாவில் போட்டுக் குலுக்கிய பெல்லட்டின் ஸ்கர்ட் குழிக்குள் ஒரு துளி எண்ணெய் கிண்ணத்தில் நிற்பதுபோல நின்றது. அந்தக் குழிதான் பிஸ்டனிலிருந்து வரும் சூடான காற்றை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கிறது. வெளிப்புறத்தில் ஒட்டிய எண்ணெய் எந்தக் கேடும் செய்யவில்லை.

அதன் பிறகு குலுக்குவதை நிறுத்திவிட்டேன். அகலமான டப்பாவின் அடியில் ஒரு துண்டு ஃபெல்ட் துணியை விரித்து, இருநூறு பெல்லட்டுக்கு மூன்று துளி எண்ணெய் விட்டு, ஒரு நாள் முழுவதும் துணியில் ஊற விடுகிறேன். மறுநாள் பெல்லட்டுகளை அதன் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, உள்ளங்கையால் இருபது முப்பது முறை முன்னும் பின்னும் உருட்டி எடுக்கிறேன். விரலில் எடுத்தால் ஈரம் தெரியக் கூடாது. காகிதத்தில் வைத்தால் கறை படியக் கூடாது. புதுப் பெல்லட்டைவிட ஒரு சாயல் கருத்துத் தெரிந்தால் போதும். இந்த அளவில் வெடிச்சத்தம் அறவே இல்லை. குழலில் ஈயம் படிவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. முன்பு முந்நூறு குண்டுக்கு ஒருமுறை துடைத்தாலே சாம்பல் நிறச் செதில்கள் துணியில் வரும். இப்போது ஆயிரம் தாண்டியும் மெல்லிய கருமை மட்டுமே வருகிறது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எண்ணெயை மாற்றினாலோ குழலைத் துடைத்தாலோ, அடுத்த இருபது முப்பது குண்டுகளை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. குழலுக்குள் புதிய படலம் சமமாகப் படியும்வரை துளைகள் அலையத்தான் செய்யும். இது தெரியாமல் நல்ல எண்ணெயையும் பாதியில் கைவிட்டிருக்கிறேன்.

மலையில் குண்டு தாழ்வாக விழுவதற்கும் நான் எண்ணெயைத்தான் நெடுநாள் குற்றம் சொல்லி வந்தேன். எண்ணெய் பூசாமல் சுட்டபோதும் அதே தாழ்வு இருந்தது. குளிரில் பிஸ்டனைச் சுற்றியுள்ள கிரீஸ் இறுகிவிடுவதே காரணம். பத்துப் பதினைந்து குண்டுகள் சுட்டபின் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது.

பெல்லட்டுகளை மரப்பெட்டியில் வைக்காதீர்கள். தோட்டத்துத் தச்சர் அன்போடு செய்து கொடுத்த சில்வர் ஓக் பெட்டியில் ஒரு மழைக்காலம் முழுவதும் வைத்திருந்த பெல்லட்டுகளின்மேல் மாவு தூவியதுபோல வெண்படலம் பூத்துவிட்டது. மரம் மெல்ல வெளிவிடும் புளிப்பு ஆவியும் காற்றின் ஈரமும் சேர்ந்து ஈயத்தை அரித்த விளைவு அது. அந்த வெள்ளைத்தூள் நஞ்சு. அவற்றைக் கழுவிப் பயன்படுத்தும் ஆசையை விட்டுவிட வேண்டும். நான் மொத்தமாக ஒதுக்கிவிட்டேன். அச்சுவேலையைச் சமையலறையில் செய்வதில்லை. முடித்தவுடன் சோப்பு போட்டுக் கை கழுவுவதும், துணியைத் தனியாக வைப்பதும் கட்டாயம்.

போட்டிப் பெல்லட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். துப்பாக்கிச் சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் பதக்கங்கள் வாங்கத் தொடங்கியதைப் பார்த்து என் மகளும் பத்து மீட்டர் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். அவள் சுடுவது அழுத்தக் காற்றுச் சிலிண்டர் பொருத்திய துப்பாக்கி. தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 என்று டப்பாவிலேயே அச்சிட்டு வரும் பெல்லட்டுகள். இலக்கில் பத்து மதிப்பெண்ணுக்கான நடுப்பகுதி, அரை மி.மீ. விட்டமே உள்ள ஒரு பொட்டு. அவளுடைய ஐம்பது பெல்லட்டுகளை என் அச்சில் தள்ளி, எண்ணெய் உருட்டி, மறைத்து மறைத்துக் கலந்து சுடச் செய்தேன். தள்ளியவை ஒரு சிறிதளவும் நெருங்கவில்லை, சற்றே சிதறின. அந்தப் பிரிவில் செய்ய வேண்டியது வேறு: துப்பாக்கியைப் பிடிக்குள் இறுக்கி, பல தயாரிப்புத் தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, ஒத்துப்போகும் தொகுதியை மொத்தமாக வாங்கி வைப்பது. "அப்பா, என் டப்பாவை மட்டும் தொடாதீங்க" என்று அதன் மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

ஆகவே என் அச்சுக்கு இப்போது வேலை, மலிவான பயிற்சிப் பெல்லட்டுகளோடு மட்டும்தான். அவற்றில் ஐந்து குண்டுகள் இலக்கில் போடும் துளைக்கூட்டம் முன்பு ஐந்து ரூபாய் நாணயத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்று ஒரு ரூபாய் நாணயத்துக்குள் பெரும்பாலும் அடங்குகிறது. அதில் பாதிப் பங்கு நசுங்கியதையும் சிறுத்ததையும் பொறுக்கி எறிவதால் வருவது என்றே கருதுகிறேன். அச்சு இல்லாமல் கண்ணாலும் விரலாலும் பொறுக்கினாலே அந்தப் பாதி கிடைத்துவிடும். மணிக்கு இருநூறு பெல்லட்டு என்ற வேகத்தில் வேலை நடக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 50 மி.லி. சிலிக்கான் எண்ணெய்க் குப்பி இன்னும் பாதிகூடத் தீரவில்லை.