நாலு குளிர்காலம், ஒரு எல்விஎஸ்

வெள்ளவத்தையில் இருக்கிறவனுக்குப் பனிச்சரிவுக் கருவி எதற்கு என்று அம்மா இன்னும் கேட்கிறார். மச்சான் பேர்னில் இருக்கிறான், பெப்ரவரியில் அவனோடு பனிச்சப்பாத்து கட்டிக்கொண்டு மலையேறப் போவேன், அதற்குத்தான்.

சுவிஸில் எல்விஎஸ் என்பார்கள். நெஞ்சோடு வாரில் கட்டுகிற சின்னப் பெட்டி, 457 கிலோஹெர்ட்ஸில் ரேடியோ சிக்னல் விட்டுத் துடித்துக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால் மற்றவர்கள் தங்கள் பெட்டியைத் தேடலுக்கு மாற்றி, அம்புக்குறியையும் தூரத்தைக் காட்டுகிற எண்ணையும் பார்த்துப் போக வேண்டும். அம்பு நேராகக் கூட்டிப்போகாது, சிக்னல் வளைந்து வருவதால் நாமும் வளைந்துதான் போவோம். இது புரியாமல் முதல் தடவை நான் திரும்பத் திரும்ப அம்பைச் சந்தேகித்தேன்.

மச்சான் லீவில் வந்தபோது தன் பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி, தண்டவாளத்துக்கு அப்பால் கடற்கரை மணலில் புதைத்துவிட்டு என்னைத் தேடச் சொன்னான். எண் 3, 8, 2 என்று துள்ளியது. சட்டைப்பையில் இருந்த போன்தான் குழப்பியது! தேடும்போது அரை மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும். கச்சான் விற்கிற ஐயா வந்து "தங்கமா தம்பி தேடுறீங்கள்?" என்றார். 11 நிமிடம் எடுத்தேன். சுவிஸ் கணக்குப்படி 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள், பிறகு மளமளவென்று குறைகிறது. அதிலும் தோண்டுவதுதான் கூட நேரம் பிடிக்கும், சரிந்த பனி இறுகிக் கல்லாகிவிடும், என் பிளாஸ்டிக் சவளை அன்றைக்கே ஓரங்கட்டி உலோகச் சவள் வாங்கினேன்.

குறை என்றால் பட்டரி. அல்கலைன் மூன்றையும் கழற்றாமல் அலுமாரியில் வைத்துவிட்டேன், கொழும்புப் புழுக்கத்தில் கசிந்து ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தது. தேசிக்காய்ப் புளியால் துடைத்தேன், ஆனால் சுவிஸில் கடையில் சோதிக்கும்வரை நம்பவில்லை. என் பிழைதான்.

இன்னொன்று, பெட்டி கட்டியிருந்தால் சரிவு வராமல் இருக்காது. டாவோஸில் உள்ள எஸ்எல்எஃப் என்ற பனிச்சரிவு ஆய்வு நிலையம் மாலை 5 மணிக்கு அறிக்கை விடும், அபாயம் 1 முதல் 5 வரை. போன வருடம் 3 என்று இருந்தும் போனோம். 30 பாகைக்கு மேல் சரிவான இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், காலுக்கடியில் 'வூம்' என்று ஒரு சத்தம், பனிக்குள் பலமில்லாத அடுக்கு உடைகிற சத்தம். மச்சான் ஒன்றும் பேசாமல் திரும்பினான், நானும் பின்னால்.

அப்புறம், புதைந்தவர் எங்கே என்று பனியில் குத்திப் பார்க்கிற மடிப்புத் தடியைக் கைப்பையில் கொண்டுபோய்க் கட்டுநாயக்காவில் மாட்டிக்கொள்ளாதீர்கள், சூட்கேசுக்குள் போட்டு லக்கேஜில் அனுப்புங்கள்.