பலாலியா, கட்டுநாயக்காவா, கப்பலா? சென்னைக்கு எது கிட்ட?

யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் ஏறக்குறைய 355 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு பஸ் ஓடும் தூரத்தை விட இது குறைவு. ஆனாலும் எங்கள் ஆட்கள் பலர் இன்னமும் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையம் போய்த்தான் சென்னைக்கு ஏறுகிறார்கள்.

பறக்கும் நேரத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கட்டுநாயக்காவிலிருந்து சென்னை 645 கிலோமீற்றர் அளவு. ஜெட் விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் இறக்கிவிடும். பலாலியில் வருவது ஏ.டி.ஆர். 72, இரண்டு காற்றாடி உள்ள சின்ன விமானம். அது மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில்தான் பறக்கும். அதனால் பாதித் தூரத்துக்கும் ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிடும்.

சரி, வீட்டுப் படலையிலிருந்து கணக்குப் பார்ப்போம். இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம் என்பதால் மணிக்கூட்டை மாற்றவும் தேவையில்லை. இரவு 8 மணிக்கு பஸ் ஏறினால் வவுனியா, புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று போய், விடியப்புறம் கட்டுநாயக்காவில் இறங்கலாம். அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு, அப்புறம் விமானம். சென்னையில் இறங்க 13 மணி நேரம் ஓடிவிடும். நேர்கோட்டில் 290 கிலோமீற்றர் தெற்கே போய், அதே தூரத்தைத் திரும்ப வடக்கே பறக்கிறோம். பலாலி வழியென்றால் வீட்டிலிருந்து எல்லாம் சேர்த்து ஐந்து மணி நேரம்.

அம்மாவை நான் இரண்டு வழியாலும் கூட்டிப் போயிருக்கிறேன். பஸ்ஸில் போன முறை இறங்கும்போது அவவின் கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் போகவில்லை. பலாலியால் போனபோது யன்னல் பக்கம் இருந்து, இறக்கை மேலே இருப்பதால் கீழே கடலைத் தடையில்லாமல் பார்த்துக்கொண்டே வந்தா. கொஞ்ச நேரத்தில் கோடியக்கரைப் பக்கம் தெரிந்ததும் "இவ்வளவுதானோ?" என்று என் கையைப் பிடித்தா.

இது புது வழியும் இல்லை. 1947 டிசம்பரில் அந்தக் கால இலங்கை விமான சேவையான ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (இதே பலாலி) வழியாகத்தான் சென்னைக்குப் போனது. பிறகு போர் வந்து எல்லாம் நின்று, 2019 நவம்பரில் திரும்பத் தொடங்கி, கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது.

கட்டுநாயக்காவுக்கும் நியாயம் உண்டு. விமானங்கள் அதிகம், ஒன்றைத் தவறவிட்டால் இன்னொன்று கிடைக்கும். சாமான் கூட இருந்தாலும் பெரிய விமானம்தான் வசதி. டிக்கெட் விலையை ஒப்பிடும்போது மட்டும் பஸ் காசையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பாருங்கள்.

காங்கேசன்துறைக் கப்பல் நாகபட்டினத்துக்கு 110 கிலோமீற்றர் அளவு, நான்கு மணி நேரம். அங்கிருந்து சென்னைக்கு இன்னும் 300 கிலோமீற்றர் என்பதால் சென்னைக்கு அது சரிவராது. வேளாங்கண்ணி, நாகூர் போகிறவர்களுக்கு அதை விட நல்ல வழி இல்லை. மாரிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களை மட்டும் தவிர்க்க வேண்டும். திருச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு 2025 மார்ச்சிலிருந்து பலாலியிலேயே நேர் விமானம் இருக்கிறது, 185 கிலோமீற்றர்தான்.

வயதானவர்களோடு சென்னைக்கு என்றால் நான் பலாலியைத்தான் சொல்வேன், டிக்கெட் கொஞ்சம் கூட இருந்தாலும்.