ஓடை மீன்களின் உணவு ஒப்புமையை அறிய: குடலாய்வா, ஐசோடோப்பு ஆய்வா?

ஒரே ஓடையில் சேர்ந்து வாழும் இரு மீனினங்கள் ஒரே இரையைத்தான் உண்கின்றனவா என்று ஆராயப் புகுவோர் முதலில் தயங்குவது இரு முறைகளுக்கு இடையில்தான்: மீனின் குடலில் உள்ள இரையைப் பார்க்கும் குடலாய்வு; உடலில் சேர்ந்த கார்பன், நைட்ரஜன் ஆகியவற்றின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளக்கும் ஐசோடோப்பு ஆய்வு.

காட்டும் காலம்: குடலாய்வு, மீன் கடைசியாக விழுங்கியதைக் காட்டும், தசையின் ஐசோடோப்பு அளவு பல வாரங்களாக உடலில் சேர்ந்த உணவைக் காட்டும்.

நுணுக்கம்: கைரோனமிட் புழுவின் (கொசுவைப் போன்ற, கடிக்காத ஒரு பூச்சியின் இளம்புழு) உடல் கரைந்த பின்னும் அதன் பழுப்புநிறத் தலை ஓடு நுண்ணோக்கியின் கீழ் முழுதாகத் தெரியும்; அதை இனங்காணலாம், எண்ணவும் செய்யலாம். மென்மையான புழுக்களோ விரைவில் கரைந்துவிடுவதால், குடலாய்வு கடினமான இரையின் பக்கமே சாய்ந்து கணக்குச் சொல்லும். ஐசோடோப்பு முறையில் இரையின் பெயரே கிடைக்காது. ஆனால் உணவுச்சங்கிலியின் ஒவ்வொரு படிக்கும் நைட்ரஜன்-15 சராசரியாக ஆயிரத்துக்கு 3.4 பங்கு கூடுவதால் மீன் எந்தப் படியில் உண்கிறது என்பதும், கார்பன்-13 வழியே அவ்வுணவின் மூலம் பாசியா உதிர்ந்த இலையா என்பதும் (இரண்டின் அளவும் வேறுபட்டிருந்தால் மட்டும்) புலப்படும்.

செலவு: குடலாய்வுக்கு நுண்ணோக்கியும் பொறுமையும் வேண்டும், ஐசோடோப்பு ஆய்வுக்கு நிறை நிறமாலைமானி (அணுக்களை எடைவாரியாகப் பிரித்தளக்கும் கருவி) உள்ள ஆய்வகம் வேண்டும்.

மீனின் உயிர்: ஐசோடோப்புக்குத் துடுப்பின் சிறு துண்டே போதும். குடலாய்வில் மீனைக் கொல்லாமல் நீர் பீய்ச்சி இரையை வெளியேற்றும் முறை, இரைப்பையே இல்லாத கெண்டைக் குடும்பத்தில் எளிதில் கைகூடாது.

இரு இனங்களின் உணவு எவ்வளவு ஒத்துள்ளது என்பதை 0 முதல் 1 வரை காட்டும் ஷோனர் குறியீடு 0.6ஐத் தாண்டியதுமே போட்டி என்று எழுதிவிடுவது அவசரம். இரை மலிந்த பருவத்தில் போட்டியின்றியும் ஒப்புமை உயரும்.

எந்தப் பூச்சிக்காக மோதல் என்று கேட்பவருக்குக் குடலாய்வே ஏற்றது. அரிய இனத்தை ஆராய்பவரும் நீண்டகால உணவுப் போக்கை அறிய விரும்புபவரும் ஐசோடோப்பைத் தேர்வது நல்லது.