வாட்டை மட்டும் பார்த்து டிரைவர் வாங்காதீர்கள்: செடி விளக்கு ஸ்ட்ரிப்புகளுடன் நீண்டகால அனுபவம்

செடி விளக்குக்கு எல்இடி ஸ்ட்ரிப் கட்டுகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "அறுபது வாட் டிரைவர் இருக்கா?" என்பதுதான். டிரைவர் என்பது வீட்டு மின்சாரத்தை எல்இடிக்கு ஏற்றதாக மாற்றித் தரும் பெட்டி. கடைக்காரரும் எடுத்துக் கொடுத்துவிடுவார். வீட்டில் மாட்டினால் விளக்கு மினுக்கும். இல்லையென்றால் எரியவே எரியாது. அதுவும் இல்லையென்றால் சில மாதம் பளிச்சென்று எரிந்துவிட்டு ஸ்ட்ரிப் ஒவ்வொன்றாகக் கருகும். வாட் பொருந்தியிருக்கும், வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்தியிருக்காது.

இங்கே சொல்வதெல்லாம் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், சமையலறைக்குப் பின்னால் துணி காயவைக்கும் இடத்தில் நிற்கும் 90 × 45 செ.மீ. ராக் ஒன்றை வைத்து. நாளுக்கு 16 மணி நேரம் எரிகிற விளக்கு, வருடத்துக்கு 5,840 மணி நேரம். லெட்டூஸ், கைலான், புதினா, கொத்தமல்லி. சிங்கப்பூரில் வருடம் முழுக்க 12 மணி நேரம் பகல் இருந்தாலும் எதிர் புளோக் மறைத்துவிட்டால் அந்த இடத்துக்கு நேர் வெயில் கிடைப்பதே அரிது.

முதலில் உங்கள் கையில் இருப்பது எந்த வகை ஸ்ட்ரிப் என்று பாருங்கள். சுருளாக வரும் 12 அல்லது 24 வோல்ட் டேப்பில் கரண்டை மட்டுப்படுத்தும் குட்டிக் குட்டி ரெசிஸ்டர்கள் கூடவே இருக்கும். அதற்குக் கான்ஸ்டன்ட் வோல்டேஜ் டிரைவர், அதாவது வோல்டேஜை மாறாமல் வைப்பது. அலுமினியப் பலகையில் வரும் விறைப்பான ஸ்ட்ரிப்பில் ரெசிஸ்டர் இருக்காது, எல்இடிகள் மட்டும்தான். அதற்குக் கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர், அதாவது கரண்டை மாறாமல் வைப்பது. இரண்டாவதை ஏதோ ஒரு 24 வோல்ட் அடாப்டரில் நேராகச் செருகுவதுதான் ஸ்ட்ரிப்பைக் கொல்ல மிக வேகமான வழி. எல்இடி சூடாகச் சூடாக அதற்குத் தேவையான வோல்டேஜ் குறையும். வோல்டேஜை இறுகப் பிடித்து வைத்தால் கரண்ட் ஏறும், கரண்ட் ஏறினால் இன்னும் சூடாகும். அது நிற்பது எல்இடி எரிந்துபோகும்போதுதான்.

டேப் வகையைச் செடிக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. 12 வோல்ட் டேப்பில் மூன்று எல்இடி சேர்ந்து சுமார் 9 வோல்ட்தான் எடுக்கும். மீதி 3 வோல்ட், அதாவது கொடுத்த மின்சாரத்தில் கால் பங்கு, ரெசிஸ்டரில் வெறும் சூடாகப் போகிறது. இருக்கிற டேப்பைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் 24 வோல்ட் வகையாக இருக்கட்டும். மீட்டருக்கு 14.4 வாட் என்றால் 5 மீட்டருக்கு 72 வாட், 3 ஆம்பியர். 20 சதவீதம் கூடுதல் வைத்து 100 வாட் டிரைவர். இரண்டு முனையிலும் கம்பி கொடுங்கள், இல்லையென்றால் கடைசி மீட்டர் மங்கும். அவ்வளவுதான் அதைப் பற்றி.

இனி பலகை ஸ்ட்ரிப். டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) பார்க்க வேண்டியவை இரண்டே எண்கள்: இயல்பான கரண்ட், அந்தக் கரண்டில் வோல்டேஜ். 56 செ.மீ. நீள ஸ்ட்ரிப்புகளில் பரவலாகக் காண்பது 700 மில்லிஆம்பியர், 19.5 வோல்ட். பெருக்கினால் 13.65 வாட். நான்கு ஸ்ட்ரிப் என்றால் ஏறத்தாழ 55 வாட். இதை இரண்டு விதமாகக் கட்டலாம், டிரைவரும் அதற்கேற்ப மாறும்.

சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோல், கட்டினால் கரண்ட் 0.7 ஆம்பியராகவே இருக்கும், வோல்டேஜ் கூடி 78 ஆகும். "700 மில்லிஆம்பியர் டிரைவர்தானே" என்று மீன்வெல் நிறுவனத்தின் எச்எல்ஜி-120எச்-சி700 வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். அதன் வெளியீட்டு வரம்பு 107 முதல் 215 வோல்ட். 78 வோல்ட் சுமையை அது ஏற்காது. எரிந்து எரிந்து அணையும். டிரைவர் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போவார்கள், டிரைவர் மேல் ஒரு குறையும் இருக்காது. சின்னவனான எச்எல்ஜி-60எச்-சி700-இன் வரம்பு 50 முதல் 100 வோல்ட், 78 அதன் நடுவில் உட்காருகிறது. ஸ்ட்ரிப்பின் மொத்த வோல்டேஜ் டிரைவர் வரம்பின் நடுப்பகுதியிலோ சற்று மேலேயோ விழ வேண்டும். ஏசி அறையில் குளிர்ந்து கிடந்த ஸ்ட்ரிப் எரியத் தொடங்கும்போது கொஞ்சம் கூடுதல் வோல்ட் கேட்கும், அதற்கு 5 சதவீதமாவது இடம் விடுங்கள்.

சீரிஸில் எல்லா ஸ்ட்ரிப்புக்கும் ஒரே கரண்ட் என்பது பெரிய நிம்மதி. ஆனால் 60 வோல்ட்டைத் தாண்டிய நேர்மின்சாரம் ஈரக் கையோடு தொடும் பொருளல்ல. தண்ணீர் ஊற்றி, இலைக்குத் தெளித்து, தட்டை மாற்றுகிற இடத்தில் 78 வோல்ட் திறந்த சோல்டர் புள்ளிகளோடு தொங்குவது எங்களுக்கு உடன்பாடில்லை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம்.

அதனால் பேரலல், அதாவது ஒவ்வொரு ஸ்ட்ரிப்பையும் தனிக் கிளையாக டிரைவரோடு இணைப்பது. வோல்டேஜ் 19.5-லேயே நிற்கும், கரண்ட் நான்கு மடங்கு, 2.8 ஆம்பியர். எச்எல்ஜி-80எச்-24ஏ இதற்குப் பொருந்துகிறது: 3.4 ஆம்பியர் வரை தரும், 14.4 முதல் 24 வோல்ட்டுக்குள் கான்ஸ்டன்ட் கரண்டாக நடந்துகொள்ளும். பெயரில் 24 இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஸ்ட்ரிப் 19.5-இல் பிடித்து நிறுத்தும், டிரைவர் கரண்டைக் கட்டுப்படுத்தும். பெயரின் கடைசியில் ஏ என்று வரும் வகையில் ரப்பர் மூடிக்குக் கீழே இரண்டு திருகுகள், ஒன்று வோல்டேஜுக்கு, ஒன்று கரண்டுக்கு.

பேரலலின் பலவீனம், ஒரு கிளை கழன்றால் அதன் பங்கு மற்றவற்றின் தலையில் விழும். நான்கில் ஒன்று போனால் மிச்சம் மூன்றும் 0.93 ஆம்பியர் சுமக்கும். ஆறு ஸ்ட்ரிப் போட்டால் அதே 2.8 ஆம்பியர் 0.47 ஆகப் பிரியும். ஒன்று போனாலும் 0.56 தான். ஸ்ட்ரிப் ஒன்றுக்கு 9 வாட்தான் என்பதால் சூடும் குறைவு, அதே மின்சாரத்துக்கு வெளிச்சமும் சற்று அதிகம். பகலில் 32 டிகிரி அடிக்கும் ஊரில் இரண்டு ஸ்ட்ரிப்புக்குக் கூடக் கொடுக்கும் பணம் வீணல்ல என்பதே எங்கள் உறுதியான கருத்து.

கரண்ட் வைக்கும் முறை: எல்லாவற்றையும் இணைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். கரண்ட் திருகை முழுக்கக் குறைத்துத் தொடங்கி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து, டிரைவரின் பிரதானக் கம்பியில் அளந்துகொண்டே 2.8-க்கு ஏற்றுங்கள். அரை மணி நேரம் சூடாகட்டும், மறுபடி பாருங்கள்.

பிறகு கிளைகள் கரண்டைச் சமமாகப் பகிர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுவார்கள். மீட்டரை ஒரு கிளைக்குள் செருகினால் மீட்டரின் சொந்த மின்தடையே அந்தக் கிளையின் கரண்டைக் குறைத்துவிடும். சரியான ஸ்ட்ரிப் கெட்டதாகத் தெரியும். கம்பியையே அளவுகோலாக்குங்கள். 18 ஏடபிள்யூஜி (கம்பித் தடிமன் அளவு) செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு சுமார் 21 மில்லிஓம். ஒவ்வொரு கிளையிலும் 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு இடத்தில் தொட்டு மில்லிவோல்ட் பாருங்கள்: 0.7 ஆம்பியருக்கு 4.4 காட்டும், 0.47-க்கு 3. பத்து சதவீத வேறுபாடு சாதாரணம். அதற்கு மேல் போனால் அந்த ஸ்ட்ரிப்பையும் பக்கத்து ஸ்ட்ரிப்பையும் இடம் மாற்றுங்கள். வேறுபாடு ஸ்ட்ரிப்போடு போனால் ஸ்ட்ரிப்பில் கோளாறு, இடத்திலேயே நின்றால் இணைப்பில் கோளாறு.

எரிந்துகொண்டிருக்கும்போது ஸ்ட்ரிப்பைக் கழற்றி மாட்டவே கூடாது. கழற்றியதும் டிரைவரின் வெளியீடு 24 வோல்ட்டுக்கு ஏறி, மின்சாரத்தைத் தேக்கும் அதன் கெப்பாசிட்டர் நிரம்பி நிற்கும். 19.5 வோல்ட் ஸ்ட்ரிப்பை மறுபடி தொட்ட கணத்தில் அத்தனையும் அதற்குள் பாயும். ஒரு சின்ன 'டிக்', அவ்வளவுதான், ஒரு எல்இடியின் நடுவில் கரும்புள்ளி விழுந்திருக்கும். அணைத்து, வெளிச்சம் முழுக்க மங்கிய பிறகே கை வையுங்கள். வோல்டேஜ் திருகை 22-க்கு இறக்கி வைப்பது இந்தத் தாக்கத்தைக் குறைக்கும்.

வெளிச்சக் கணக்கு சுருக்கமாக. செடிக்குப் பயன்படும் ஒளித்துகள்களை எண்ணும் அளவு மோல், அதில் பத்து லட்சத்தில் ஒன்று மைக்ரோமோல். 55 வாட்டில் நல்ல வெள்ளை ஸ்ட்ரிப் ஜூலுக்கு 2.5 மைக்ரோமோல் என்றால் நொடிக்கு சுமார் 137 மைக்ரோமோல். பக்கவாட்டில் சிதறியது போக 100 ராக்கில் விழும். ராக் 0.4 சதுர மீட்டர் என்பதால் அது சதுர மீட்டருக்கு 250. 16 மணி நேரத்தில் 14.4 மோல். லெட்டூஸுக்கு 12 முதல் 17 போதும். பிளக்கில் 60 வாட், மாதம் 29 யூனிட். யூனிட் 30 காசு என்று வைத்தால் ஒன்பது வெள்ளிக்குள் முடிகிறது.

நீண்ட ஓட்டத்தில் முதலில் தளர்வது எல்இடியோ டிரைவரோ இல்லை, இணைப்புகள். இங்குள்ள ஈரக்காற்றில் ஸ்ட்ரிப்பின் செருகு துளைக்குள் செம்பு பச்சை பூக்கும், உரத் தண்ணீர் தெறித்தால் இன்னும் சீக்கிரம். அந்தத் துளைகளுக்கு ஒற்றை இழைக் கம்பிதான் சரி. பல இழைக் கம்பியைத் திணித்தால் நாளடைவில் நழுவும். சோல்டர் செய்து, மேலே நியூட்ரல் வகை சிலிகோன் பூசுவது இன்னும் உறுதி. வினிகர் வாடை வீசும் சிலிகோன் வேண்டாம், அதன் அமிலம் செம்பை அரிக்கும். கந்தகம் கலந்த பூஞ்சை மருந்தை ராக்குக்குள் தெளிப்பதும் கூடாது; எல்இடிக்குள் இருக்கும் வெள்ளிப் பூச்சு கறுத்து வெளிச்சம் குறையும்.

டிரைவரை ராக்குக்குள் வைக்காதீர்கள். அதற்குள் இருக்கும் மின்பகு கெப்பாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி கூடினால் பாதியாகும். ராக்கின் வெளிப்பக்கத்தில், தண்ணீர்த் தொட்டியைவிட உயரத்தில், கம்பி கீழ்நோக்கி வளைந்து வரும்படி மாட்டுங்கள். ஏ வகையில் திருகைச் சரிசெய்தபின் ரப்பர் மூடியை மறக்காமல் அழுத்தி மூடுங்கள்; அது திறந்திருந்தால் ஐபி65 என்ற தூசி, நீர்த் தடுப்புக் குறியீட்டுக்குப் பொருளே இல்லை. மங்கவைக்கும் வசதி வேண்டுமென்றால் பி வகை: ஒரு டிரைவருக்கு 100 கிலோஓம் பொட்டன்ஷியோமீட்டர் (திருகிச் சரிசெய்யும் குமிழ்), இரண்டை ஒரே குமிழில் சேர்த்தால் 50 கிலோஓம்.

விலை குறைந்த டைமர்களையும் கவனியுங்கள். டிரைவர் உயிர் பெறும் கணத்தில் பல பத்து ஆம்பியர் இழுக்கும்; மூன்று நான்கு டிரைவரை ஒரே டைமரில் சேர்த்தால் உள்ளே ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) முனைகள் ஒட்டிக்கொண்டு விளக்கு இரவு முழுக்க எரியும். டைமருக்கு ஒன்றிரண்டு டிரைவர் போதும்.

ஜாலான் புசார் சிம் லிம் டவரில் கம்பி, கனெக்டர், அலுமினிய ஆங்கிள் எல்லாம் பார்த்து வாங்கலாம். டிரைவரின் லேபிளில் வோல்ட் வரம்பு அச்சிட்டிருக்கிறதா என்று அங்கேயே படியுங்கள். வாட் மட்டும் போட்ட பெயரில்லாப் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள். பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள். பச்சை மஞ்சள் எர்த் கம்பியை டிரைவருக்கும் அலுமினியச் சட்டத்துக்கும் இரண்டுக்கும் கொடுங்கள். ஆர்சிசிபி எனும் மின்கசிவுத் துண்டிப்பானை எல்லா வீடுகளுக்கும் எரிசக்திச் சந்தை ஆணையம் கட்டாயமாக்கியிருக்கிறது. பழைய வீடுகளுக்கான கெடு 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு முடிந்தது. ராக்கை எரியவிடுவதற்கு முன் அதன் டெஸ்ட் பொத்தானை ஒருமுறை அழுத்தி, சட்டென்று விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.