மணிக்கூடா, மூச்சா, அளந்த தரையா?

கொழும்பு மரைன் டிரைவில் காலையில் ஓடுகிறவர்களுக்கு வேகம் சீராக நிற்காத இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். கோட்டைக்குப் போகிற ரயில் பக்கத்தில் வரும். வாசலில் தொங்கிக்கொண்டு நிற்கிறவர்கள் பார்க்கிறார்கள் என்றதும் கால் தானாகவே விரையும். வெள்ளவத்தையில் தொடங்கினால் பம்பலப்பிட்டி வருவதற்குள் மூச்சு முட்டிவிடும்; மிச்சத் தூரம் நடைதான். என் முதல் மூன்று மாதம் இப்படியே போயிற்று.

பக்கத்தில் ஒருவர் ஓடினால் இந்தச் சிக்கல் பாதி தீரும். 2019 ஒக்டோபரில் வியன்னாவில் கென்ய ஓட்டவீரர் எலியுட் கிப்சோகே மரதன் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 செக்கனில் முடித்தபோது, அவருக்காக 41 பேர் முறைவைத்து ஓடி வேகம் பிடித்துக் கொடுத்தார்கள். முன்னே போன கார் வேறு தரையில் லேசர் கோடு போட்டது. விடிய ஐந்தரைக்கு நமக்குத் துணை தெருநாய் மட்டும்தான். ஆகவே வேகத்தைச் சொல்லித்தர வேறு ஏதாவது வேண்டும். நான் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தவை இவை.

முதலில் ஜிபிஎஸ் மணிக்கூடு. மரைன் டிரைவில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வரிசையாக அடுக்குமாடிகள். செய்மதி சமிக்ஞை அந்தச் சுவர்களில் பட்டுத் திரும்பும்போது கணக்குப் பிசகும். கிலோமீற்றருக்கு 6:10, அதாவது 6 நிமிடம் 10 செக்கன், என்று காட்டும். அடுத்த பார்வையில் 6:50. அந்த எண்ணைத் துரத்தினால் ஓட்டம் இன்னும் கோணலாகும். அந்தந்த நொடியின் வேகத்தை மறைத்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் கிலோமீற்றரின் சராசரியை மட்டும் காட்ட வைத்தால் பரவாயில்லை. ஆனால் என் குறை அதுவல்ல. கேட்காமலே விடையைச் சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளை எப்படிக் கணக்குப் படிக்கும்? சார்ஜ் தீர்ந்த அன்று நான் எவ்வளவு வேகத்தில் போகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

இதயத்துடிப்பைப் பார்த்து ஓடலாம் என்பார்கள். கொழும்பில் அது வேறு கதை. புழுக்கத்தில் வியர்வை காயாது. உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்கு ஓடும். அதே வேகத்தில் போனாலும் துடிப்பு ஏறிக்கொண்டே இருக்கும். துடிப்பைப் பிடித்து வைத்தால் வேகம் இறங்கும். அதாவது அது காப்பது உழைப்பை, வேகத்தை அல்ல. ஏப்ரல் வெக்கையில் அதுவே புத்திசாலித்தனம் என்பதையும் சொல்லவேண்டும். அந்த வேலைக்குக்கூடக் கருவி தேவையில்லை. நான் ஏழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு மூச்சில் மூன்று வரி வந்தால் சரி. வரிக்கு வரி மூச்சு வாங்கினால் கூடிப்போயிற்று. எதிரே நடந்து வருகிறவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

பாட்டின் தாளத்துக்கு ஓடுவதும் உண்டு. தாளம் காலடி எண்ணிக்கையைத்தான் பிடிக்கும், அடியின் நீளத்தை அல்ல. பின்னால் வரும் முச்சக்கரவண்டியும் காதில் விழாது. எனக்குச் சரிவரவில்லை.

என் வாக்கு அளந்த தரைக்கும் சாதாரண ஸ்டொப்வொட்சுக்கும்தான். சுகததாச அரங்கில் இருப்பதுபோன்ற 400 மீற்றர் ஓட்டச் சுவடு கிடைத்தால் நல்லது. உள்வட்டத்திலேயே ஓடுங்கள், எட்டாவது பாதையில் ஒரு சுற்று 453 மீற்றருக்கு மேல் வரும். கிலோமீற்றருக்கு 6:30 வேண்டுமென்றால் ஒரு சுற்று 2 நிமிடம் 36 செக்கன், 100 மீற்றருக்கு 39 செக்கன். சூட்சுமம் இதுதான்: சுற்று முடியும்வரை பார்க்காதீர்கள். கோட்டைத் தாண்டியதும் எத்தனை செக்கன் என்று முதலில் மனதுக்குள் சொல்லுங்கள், அப்புறம் பாருங்கள். தொடக்கத்தில் எனக்குப் பன்னிரண்டு செக்கன்வரை பிழைத்தது. ஆறு வாரத்தில் மூன்றுக்கு வந்தது. எல்லாப் பிழையும் முதல் சுற்றில்தான். கால் புதிது, மூச்சோ ஓரிரு நிமிடம் பிந்தித்தான் உண்மையைச் சொல்லும். "இவ்வளவு மெதுவாகவா?" என்று வெட்கம் வந்தால்தான் முதல் சுற்று சரி.

சுவடு கிடைக்காதவர்களுக்கு காலிமுகத்திடல் இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1859இல் முடிந்த கடலோர நடைபாதை. நேரானது, மேலே திறந்த வானம். போனிலுள்ள வரைபடத்தில் 400 மீற்றர் அளந்து இரண்டு விளக்குக் கம்பங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கோட்டைப் பக்கம் போகும்போது காற்று தள்ளும், திரும்பும்போது மறிக்கும். அதனால் போக வர இரண்டையும் கூட்டித்தான் ஒப்பிடவேண்டும். மாலையில் வேண்டாம். பட்டம் விடுகிறவர்களுக்கும் இறால் வடைக்கும் நடுவே யாருக்கு வேகம் வரும்?

ஏற்கெனவே மணிக்கூடு வாங்கியவர்கள் அதை எறியவேண்டாம். வியர்வைப் பட்டியால் அதன் முகத்தை மூடிவிட்டு, கிலோமீற்றருக்கு ஒருமுறை அது கூவும்போது மட்டும் விலக்கிப் பாருங்கள். நான் இப்போது மரைன் டிரைவில் அப்படித்தான் ஓடுகிறேன். பெரும்பாலும் ஐந்து செக்கனுக்குள் நிற்கிறது. ரயில் வருகிற கிலோமீற்றர் மட்டும் இன்னும் கணக்கில் அடங்கவில்லை.